இத்தாலி ஒரே நாடான கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய வரலாறு கொஞ்சமாவது படித்தவர்களுக்கு இந்த வரி மறந்திருக்காது: மாஜினி இத்தாலியின் இதயம், கவூர் மூளை, கரிபால்டி வாள். தேர்வுக்கு அது போதும். ஆனால் கிளர்ச்சியாளர் மாஜினி, பீட்மாண்ட் நாட்டுப் பிரதமர் கவூர், தன்னார்வப் படைத் தலைவர் கரிபால்டி ஆகிய மூவரும் ஒன்றாக உட்கார்ந்து திட்டம் போட்டதுபோல ஒரு எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. மாஜினிக்கு மரண தண்டனை விதித்தது, கவூர் பின்னாளில் பிரதமரான அதே அரசுதான். கவூரைக் கரிபால்டி நாடாளுமன்றத்தில் வைத்தே கடுமையாகச் சாடினார். கரிபால்டியைக் கட்டுப்படுத்தக் கவூர் ஒரு ராணுவத்தையே அனுப்பினார். மூவரும் விரும்பியது மூன்று வெவ்வேறு இத்தாலி. கடைசியில் வந்தது அந்த மூன்றில் எதுவுமே முழுதாக இல்லை. இந்தப் பதில்கள் எல்லாமே அந்தப் பார்வையில் எழுதப்பட்டவை.

ஒன்றாவதற்கு முன் இத்தாலி எப்படி இருந்தது?

நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1815-ல் வியன்னாவில் கூடிய வல்லரசுகள் இத்தாலியத் தீபகற்பத்தைப் பழையபடி துண்டுகளாகப் பிரித்து வைத்தன. வடமேற்கில் டூரினைத் தலைநகராகக் கொண்ட பீட்மாண்ட்-சார்டினியா, சவாய் வம்சத்தின் ஆட்சி. மிலனும் வெனிஸும் அடங்கிய லம்பார்டி-வெனிஷியா நேரடியாக ஆஸ்திரியாவின் கையில். பார்மா, மொடீனா, டஸ்கனி ஆகியவற்றில் ஆஸ்திரிய அரச குடும்பத்துக்கு உறவானவர்கள். நடுவில் ரோமும் பொலோனாவும் சேர்ந்த போப்பின் நாடு. தெற்கில் நேப்பிள்ஸும் சிசிலியும் சேர்ந்த 'இரு சிசிலிகளின்' ராஜ்யம், போர்போன் அரசர்கள்.

ஒவ்வொன்றுக்கும் தனி நாணயம், தனிச் சுங்கம், தனிச் சட்டம். 'இத்தாலி என்பது வெறும் புவியியல் பெயர்' என்று ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் சொன்னது ஆணவம்தான். ஆனால் அன்றைய நிலவரப்படி பொய் என்று சொல்ல முடியாது.

நெப்போலியனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 1796-ல் படையோடு நுழைந்தவர் பழைய சிற்றரசுகளைக் கலைத்துப்போட்டார். இன்றைய பச்சை, வெள்ளை, சிவப்புக் கொடி 1797 ஜனவரி 7 அன்று ரெஜ்ஜோ எமிலியா நகரில் ஏற்கப்பட்டது அந்தக் காலத்தில்தான். 1805-ல் மிலனில் 'இத்தாலியின் அரசர்' என்று முடிசூடிக்கொண்டார். வரி, கட்டாய ராணுவ சேவை, கலைப்பொருள் கொள்ளை எல்லாம் உண்டு. இருந்தாலும் ஒரே சட்டம், ஒரே நிர்வாகம் எப்படி இருக்கும் என்று ஒரு தலைமுறை பார்த்துவிட்டது. அதை 1815-க்குப் பிறகு மறக்கச் சொன்னால் மறப்பார்களா?

கார்போனாரி என்பவர்கள் யார்?

ரகசியச் சங்கத்தினர். ராணுவ அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் அதிகம். 1820-ல் நேப்பிள்ஸிலும், 1821-ல் பீட்மாண்டிலும், 1831-ல் மொடீனா, பொலோனா பக்கமும் கிளர்ந்தார்கள். ஆஸ்திரியப் படை வந்து எல்லாவற்றையும் அடக்கியது. அரசியலமைப்புச் சட்டம் வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார்கள். இத்தாலி முழுவதும் ஒன்றாக வேண்டும் என்பதில் அவ்வளவு தெளிவில்லை.

மாஜினி அப்படி என்ன புதிதாகச் சொன்னார்?

1805-ல் ஜெனோவாவில் பிறந்தவர். கார்போனாரியில் இருந்து, பிடிபட்டு, நாடு கடந்து, 1831-ல் பிரான்ஸின் மார்செய் நகரில் 'இளம் இத்தாலி' அமைப்பைத் தொடங்கினார். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் இடமில்லை. சேருபவர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும்.

அவர் கேட்டது அன்றைக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது: ஆல்ப்ஸ் மலையிலிருந்து சிசிலி வரை ஒரே நாடு; அதுவும் அரசர் இல்லாத குடியரசு; அதை வெளிநாட்டு அரசர்களின் தயவில்லாமல் மக்களே எழுந்து பெற வேண்டும். கூட்டமைப்பு போதும், போப் தலைமை தாங்கட்டும் என்றெல்லாம் மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அவருடைய எழுச்சித் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. பல இளைஞர்கள் தூக்குமேடைக்கும் துப்பாக்கிக்கும் பலியானார்கள். தூரத்தில் லண்டனில் இருந்துகொண்டு பிள்ளைகளைச் சாகவிடுகிறார் என்ற பழியும் வந்தது. அந்தப் பழியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'இத்தாலி' என்ற எண்ணம் முப்பது வருடம் அணையாமல் இருந்ததற்கு அவரைவிடப் பெரிய காரணம் யாரும் இல்லை.

1848-ல் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததாமே. எப்படிக் கைநழுவியது?

அந்த வருடம் முதலில் வெடித்தது சிசிலி. ஜனவரி 12 அன்று பலெர்மோ கிளர்ந்தது. மிலன் மக்கள் அதற்குமுன்பே ஆஸ்திரியாவின் வரி வருமானத்தில் கைவைக்கப் புகையிலையைப் புறக்கணித்திருந்தார்கள். தெருவில் வேண்டுமென்றே சுருட்டு பிடித்து ஊதிய சிப்பாய்களோடு கைகலப்பாகி உயிர்கள் போயின. மார்ச் 18 முதல் 22 வரை ஐந்து நாள் தெருத்தெருவாகத் தடுப்பு போட்டுச் சண்டையிட்டு, தளபதி ராடெட்ஸ்கியின் படையை நகரைவிட்டே விரட்டினார்கள். வெனிஸில் டேனியலே மானின் குடியரசை அறிவித்தார்.

பீட்மாண்ட் அரசர் சார்லஸ் ஆல்பர்ட் ஆஸ்திரியா மீது போர் தொடுத்தார். போப் ஒன்பதாம் பயஸும், நேப்பிள்ஸ் அரசரும் படை அனுப்பினார்கள். அப்புறம்தான் சிக்கல். ஆஸ்திரியாவும் கத்தோலிக்க நாடு. கத்தோலிக்கருக்கு எதிராகப் போர் செய்ய மாட்டேன் என்று போப் ஏப்ரல் 29 அன்று ஒதுங்கிக்கொண்டார். நேப்பிள்ஸ் அரசர் தன் படையைத் திருப்பி அழைத்தார். சார்லஸ் ஆல்பர்ட்டுக்கோ ஆஸ்திரியாவை விரட்டுவதைவிட மிலனில் குடியரசு வந்துவிடக் கூடாது என்ற கவலை பெரிது. ஜூலையில் குஸ்டோசாவிலும், 1849 மார்ச்சில் நோவாராவிலும் தோற்று, மகன் இரண்டாம் விக்டர் இம்மானுவேலிடம் முடியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

போப் தப்பியோடியபின் ரோமில் 1849 பிப்ரவரியில் அமைந்த குடியரசுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த பகுதி. மாஜினி அதன் மூன்று தலைவர்களில் ஒருவர். அனைத்து ஆண்களுக்கும் வாக்குரிமை, மரண தண்டனை ஒழிப்பு என்று அந்தக் காலத்துக்கு மிக முன்னேறிய ஆட்சி. அதை நசுக்கியது ஆஸ்திரியா அல்ல, பிரான்ஸ். அதிபர் லூயி நெப்போலியன், பின்னாளில் மூன்றாம் நெப்போலியன், போப்பைத் திரும்ப உட்காரவைக்கப் படை அனுப்பினார். கரிபால்டி நகரைக் காக்கப் போராடினார். ஜூலையில் ரோம் விழுந்தது. பின்வாங்கும் வழியில், ராவென்னா அருகே, அவருடைய மனைவி அனிதா கர்ப்பிணியாகக் காய்ச்சலில் இறந்தார்.

கவூர் முழு இத்தாலியையும் இணைக்கத்தான் ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டாரா?

இல்லை. 1852-ல் பீட்மாண்டின் பிரதமரானவர். ரயில், வங்கி, சுதந்திர வணிகம் என்று நாட்டை நவீனமாக்குவதில் கெட்டிக்காரர். ஆஸ்திரியாவை வடக்கிலிருந்து விரட்டி, பீட்மாண்டைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய முதல் கணக்கு. இத்தாலி முழுவதும் ஒன்றாவதைப் பற்றிய பேச்சை 1856-ல்கூட ஒரு கடிதத்தில் உளறல் என்றுதான் எழுதினார். லண்டனையும் பாரிஸையும் நன்கு அறிந்த அவர் நேப்பிள்ஸையோ சிசிலியையோ ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவருக்கு இயல்பாக வந்த எழுத்து மொழி பிரெஞ்சு.

ஆனால் 1848 கற்றுக்கொடுத்த பாடத்தை அவரைப்போல யாரும் படிக்கவில்லை: வல்லரசு ஒன்று துணைக்கு வராமல் ஆஸ்திரியாவை அசைக்க முடியாது. அதனால்தான் பீட்மாண்டுக்கு எந்தச் சண்டையும் இல்லாத ரஷ்யாவுக்கு எதிராக, பிரிட்டனோடும் பிரான்ஸோடும் சேர்ந்து, 1855-ல் கிரீமியாவுக்குப் படை அனுப்பினார். அதற்குக் கூலியாக 1856 பாரிஸ் மாநாட்டில் ஒரு நாற்காலி கிடைத்தது.

மூன்றாம் நெப்போலியன் ஏன் உதவினார்? ஏன் பாதியில் விட்டுவிட்டார்?

1858 ஜனவரியில் ஒர்சினி என்ற இத்தாலியர் பாரிஸில் அவர்மீது குண்டு வீசினார். பேரரசர் தப்பினார், வழியில் நின்ற பலர் இறந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் இத்தாலியர்களை வெறுத்திருப்பார்கள். இவரோ இத்தாலிப் பிரச்சினையைத் தீர்க்காவிட்டால் ஆபத்து என்ற முடிவுக்கு வந்தார். அதே ஜூலையில் பிளாம்பியே என்ற ஊரில் கவூரோடு ரகசியச் சந்திப்பு. ஆஸ்திரியாவை விரட்டப் பிரான்ஸ் படை தரும். பதிலுக்கு பீட்மாண்டின் சவாய், நீஸ் பகுதிகள் பிரான்ஸுக்கு. கூடவே விக்டர் இம்மானுவேலின் பதினைந்து வயது மகள் கிளோடில்டை பேரரசரின் நடுவயது உறவினருக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும். கட்டிக்கொடுத்தார்கள்.

1859-ல் போர். ஜூன் 4 மஜென்டா, ஜூன் 24 சோல்ஃபெரினோ, இரண்டிலும் வெற்றி. சோல்ஃபெரினோவில் காயம்பட்டவர்கள் கேட்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்த ஹென்றி டூனண்டின் முயற்சியில்தான் பின்னர் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. ஜூலை 11 அன்று யாரையும் கேட்காமல் மூன்றாம் நெப்போலியன் வில்லாஃபிராங்காவில் ஆஸ்திரியப் பேரரசரோடு சமாதானம் பேசிவிட்டார். உயிரிழப்பு அதிகம், ரைன் நதிப் பக்கம் பிரஷ்யா படை திரட்டுகிறது, பிரான்ஸின் கத்தோலிக்கர்கள் போப்பை நினைத்துக் கொதிக்கிறார்கள். அதோடு, தன் பக்கத்தில் ஒரு பெரிய இத்தாலி உருவாவது அவருடைய திட்டத்திலேயே இல்லை. லம்பார்டி கிடைத்தது, வெனிஷியா ஆஸ்திரியாவிடமே தங்கியது. கவூர் கோபத்தில் பதவியை விட்டார். சில மாதங்களில் திரும்பி வந்தார்.

இதற்கிடையே டஸ்கனி, மொடீனா, பார்மா, பொலோனா பகுதி மக்கள் தங்கள் ஆட்சியாளர்களை விரட்டிவிட்டு, 1860 மார்ச்சில் வாக்களித்து பீட்மாண்டோடு சேர்ந்தார்கள். அதற்கு விலையாக சவாயும் நீஸும் பிரான்ஸுக்குப் போயின. நீஸ், கரிபால்டி பிறந்த ஊர். தன்னைச் சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கிய கவூரை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஆயிரம் பேர் ஒரு ராஜ்யத்தைப் பிடித்தது உண்மையா?

உண்மை, ஆனால் ஆயிரம் பேர் மட்டும் அல்ல. 1860 மே மாதம் கரிபால்டி தலைமையில் ஜெனோவா அருகே குவார்டோவிலிருந்து இரண்டு நீராவிக் கப்பல்களில் சுமார் 1,100 பேர் புறப்பட்டார்கள். கப்பல்கள் திருடப்பட்டதுபோல நாடகம். கம்பெனிக்காரர்களுக்கு விஷயம் தெரியும். வந்தவர்களில் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், மாணவர்கள், கைவினைஞர்கள். பெரும்பாலும் வடக்கத்தியர்கள். விவசாயிகள் கிட்டத்தட்ட யாருமே இல்லை. ஒரே ஒரு பெண், ரோசலி மோன்மாசோன்.

மே 11 அன்று சிசிலியின் மர்சாலாவில் இறங்கினார்கள். துறைமுகத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் நின்றதால் போர்போன் கடற்படை சுடத் தயங்கியது. அந்தத் தயக்கம் கரிபால்டிக்குப் போதும். மே 15 அன்று கலட்டாஃபிமியில் வெற்றி. அதன்பின் சிசிலி விவசாயிகளும் கிளர்ச்சிக்காரர்களும் சேர்ந்துகொள்ள, சுமார் 20,000 சிப்பாய்கள் இருந்த பலெர்மோ மே இறுதியில் வீழ்ந்தது. ஆகஸ்டில் கடலைக் கடந்தார். செப்டம்பர் 7 அன்று தலைநகர் நேப்பிள்ஸுக்குள் வந்ததோ ரயிலில், சொற்பத் தோழர்களோடு! அரசர் முந்தின நாளே கிளம்பிவிட்டார். அழுகிப்போன அரசு, சம்பளத்துக்கு நின்ற தளபதிகள், ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த சிசிலி இவையெல்லாம் இல்லாவிட்டால் செஞ்சட்டை அணிந்த கரிபால்டி படையின் வீரம் மட்டும் இதைச் சாதித்திருக்காது.

சிசிலி விவசாயிகளுக்கு என்ன கிடைத்தது?

போரிடுபவர்களுக்குப் பொதுநிலத்தில் பங்கு என்று 1860 ஜூனில் கரிபால்டியே ஆணை போட்டார். அதை நம்பி எட்னா மலையடிவாரத்தில் உள்ள புரொண்டே ஊரில் ஆகஸ்டில் நிலமற்றவர்கள் எழுந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பதினைந்து பேருக்கு மேல் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். கரிபால்டியின் தளபதி நீனோ பிக்ஸியோ வந்தார். அவசர விசாரணை, ஐந்து பேர் சுட்டுக்கொலை. அவர்களில் ஒருவர் ஊரறிந்த மனநிலை சரியில்லாதவர். நிலம் யாருக்கும் வரவில்லை. நேப்பிள்ஸ் நோக்கிப் போகும் அவசரத்தில் இருந்த படைக்கு நிலவுடைமையாளர்களின் ஆதரவு தேவைப்பட்டது. 'விடுதலைப் படை' யார் பக்கம் நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

இவ்வளவையும் பிடித்த கரிபால்டி ஏன் அரசரிடம் கொடுத்துவிட்டார்?

கரிபால்டி ரோம் வரை போனால் பிரான்ஸோடு போர் வரும், தெற்கில் குடியரசும் வரலாம் என்று கவூர் பயந்தார். உடனே பீட்மாண்ட் படையைப் போப்பின் நாட்டுக்குள் இறக்கினார். அது கஸ்டெல்ஃபிடார்டோவில் போப்பின் படையை முறியடித்துத் தெற்கே வந்தது. அக்டோபர் 26 அன்று தெயானோ அருகே கரிபால்டி விக்டர் இம்மானுவேலைச் சந்தித்து அரசராக ஏற்றார். உள்நாட்டுப் போர் வேண்டாம் என்பதே காரணம். மனதளவில் குடியரசுக்காரர், ஆனால் ஒற்றுமையா குடியரசா என்று வந்தால் ஒற்றுமை முதலில்.

ஓராண்டு தெற்கை ஆள அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். பட்டம், பணம் எதையும் வாங்காமல் ஒரு மூட்டை விதையோடு கப்ரேரா தீவுக்குப் போய்விட்டார்.

மக்கள் வாக்களித்துத்தானே சேர்ந்தார்கள்?

நேப்பிள்ஸ் பக்கம் 13 லட்சம் பேர் 'ஆம்', சுமார் 10,000 பேர் மட்டும் 'இல்லை'. இப்படி ஒரு முடிவைப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும். 'ஆம்' பெட்டி, 'இல்லை' பெட்டி தனித்தனியாக வைத்து, எல்லோரும் பார்க்க அதில் போட வேண்டும். அதிகாரிகளும் ஆயுதமேந்தியவர்களும் பக்கத்தில். ஆதரவு இருந்தது என்பது மெய். அந்த அளவுக்கு இருந்தது என்பது அல்ல.

அப்படியானால் இத்தாலி இணைந்ததா, இணைக்கப்பட்டதா?

1861 மார்ச் 17 அன்று இத்தாலிய ராஜ்யம் அறிவிக்கப்பட்டபோது நடந்ததைப் பாருங்கள். புதிய நாட்டின் முதல் அரசர் 'முதலாம்' ஆகவில்லை, பீட்மாண்டில் இருந்தபடியே 'இரண்டாம்' விக்டர் இம்மானுவேலாகத் தொடர்ந்தார். முதல் இத்தாலிய நாடாளுமன்றம் பீட்மாண்டின் வரிசையிலேயே எட்டாவது என்று எண்ணப்பட்டது. அரசியலமைப்பு பீட்மாண்டின் 1848 சாசனம். சட்டமும் சுங்கமும் நிர்வாகமும் டூரினிலிருந்து வந்தவை. மாஜினி கேட்ட அரசியல் நிர்ணய சபை கூடவே இல்லை. இணைக்கப்பட்டது என்பதே என் பதில்.

2.2 கோடி மக்களில் வாக்குரிமை இருந்தது நூற்றுக்கு இரண்டு பேருக்கு. நான்கில் மூன்று பேருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. பொது இத்தாலிய மொழியைப் பேசியவர்கள் ஒரு ஆய்வாளரின் கணக்கில் நூற்றுக்கு இரண்டரைப் பேர், இன்னொருவர் கணக்கில் பத்துப் பேர். மற்றவர்கள் அவரவர் ஊர்ப்பேச்சோடு இருந்தார்கள். கவூர் அந்த ஜூன் மாதமே, ஐம்பது வயதில், இறந்துபோனார்.

தெற்கில் கலவரம் ஏன் வந்தது?

கட்டாய ராணுவ சேவை, புதிய வரிகள், கிடைக்காத நிலம். 1861-லிருந்து சில வருடங்கள் பசிலிக்காட்டா, கம்பானியா, கலாப்ரியா மலைகளில் ஆயுதக் குழுக்கள் திரிந்தன. அரசு அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்றது. கொள்ளைக்காரர்களும் இருந்தார்கள், கலைக்கப்பட்ட போர்போன் சிப்பாய்களும் இருந்தார்கள், வயிற்றுக்கில்லாத விவசாயிகளும் இருந்தார்கள். பெரிய தலைவனான கார்மினே குரோக்கோ முதலில் கரிபால்டி பக்கம் நின்று போரிட்டவன். 1863-ல் வந்த பிக்கா சட்டம் ராணுவ நீதிமன்றத்தைக் கொண்டுவந்தது. ஒரு கட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் தெற்கில் இருந்தார்கள். பொண்டெலாண்டோல்ஃபோ போன்ற ஊர்கள் பழிவாங்கலாகக் கொளுத்தப்பட்டன.

வெனிஸும் ரோமும் எப்போது சேர்ந்தன?

வெனிஸ் 1866-ல். பிரஷ்யாவோடு கூட்டு சேர்ந்து ஆஸ்திரியாவோடு போரிட்ட இத்தாலி, தரையில் குஸ்டோசாவிலும் கடலில் லிஸ்ஸாவிலும் தோற்றது. ஆனால் பிரஷ்யா ஜெயித்துவிட்டது, அதனால் வெனிஸ் கிடைத்தது. அதுவும் நேரடியாக அல்ல. ஆஸ்திரியா பிரான்ஸிடம் கொடுத்து, பிரான்ஸ் இத்தாலியிடம் கொடுத்தது. மூக்கறுபட்ட வெற்றி என்று சொல்லலாம்.

ரோமுக்காகக் கரிபால்டி இரண்டு முறை கிளம்பினார். 1862-ல் ஆஸ்ப்ரோமோன்டேயில் இத்தாலிய ராணுவமே அவரைக் காலில் சுட்டது. 1867-ல் மென்டானாவில் பிரெஞ்சுப் படை தடுத்தது. 1870-ல் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் செடானில் தோற்க, ரோமைக் காக்க ஆளில்லாமல் போயிற்று. செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை பியா வாயில் அருகே மதிலை உடைத்து நுழைந்தது. 1871-ல் தலைநகர் ஃபுளோரன்ஸிலிருந்து ரோமுக்கு மாறியது.

போப் ஒப்புக்கொண்டாரா?

59 வருடம் எந்தப் போப்பும் ஒப்புக்கொள்ளவில்லை. தங்களை வாடிகனின் கைதி என்று சொல்லிக்கொண்டார்கள். கத்தோலிக்கர்கள் தேசியத் தேர்தலில் பங்கேற்கக் கூடாது என்றும் திருச்சபை சொன்னது. 1929-ல் முசோலினி காலத்து லாட்டரன் உடன்படிக்கையில்தான் வாடிகன் தனி நாடாகி, சண்டை முடிந்தது.

இசையமைப்பாளர் வெர்டி பெயரைச் சுவரில் எழுதினார்களாமே?

ஆம். 'விட்டோரியோ இமானுவேலே ரே டி இத்தாலியா', அதாவது இத்தாலியின் அரசர் விக்டர் இம்மானுவேல், என்பதன் முதலெழுத்துகள் இத்தாலிய எழுத்தில் சேர்ந்தால் 'வெர்டி'. போலீஸ் கேட்டால் இசை ரசிகன் என்று தப்பிக்கலாம்.

பாரதியார் மாஜினியைப் பாடியது ஏன்?

அன்றைய இந்திய இளைஞர்களுக்கு மாஜினி கிட்டத்தட்ட நம்மூர்த் தலைவர். வங்காளத்தில் சுரேந்திரநாத் பானர்ஜி அவரைப் பற்றி மாணவர்களிடம் பேசினார். சாவர்க்கர் அவரை மராத்தியில் மொழிபெயர்த்தார். இளம் இத்தாலியில் சேருபவர்கள் எடுத்த உறுதிமொழியைப் பாரதி தமிழ்ப் பாட்டாக்கினார். அந்நிய ஆட்சி, சிதறிய மக்கள், உயிரைக் கொடுக்கத் துணிந்த இளைஞர்கள் என்று ஒப்பிட நிறைய இருந்தது.

காந்திதான் இதில் மாறுபட்டார். 1909-ல் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' நூலில் இத்தாலிக்கென ஓர் அத்தியாயமே உண்டு. ஆஸ்திரியர்கள் போனதால் இத்தாலியின் ஏழைக்கு என்ன கிடைத்தது, மாஜினி நினைத்தது நடக்கவில்லையே, அரசரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும்தானே பலன் பெற்றார்கள் என்று கேட்கிறார். புரொண்டேயைப் பற்றிப் படித்துவிட்டு அந்த அத்தியாயத்தைப் படித்தால் அந்தக் கேள்வியின் கனம் புரியும்.

மாஜினி கடைசியில் என்ன ஆனார்?

1866-ல் மெஸ்ஸினா மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய மரண தண்டனையைக் காட்டித் தேர்தலை ரத்து செய்தார்கள். 1870-ல் மறுபடி சிறை. 1872 மார்ச் 10 அன்று பீசாவில், வேறு பெயரில் ஒளிந்து வாழ்ந்த வீட்டில் இறந்தார்.

அவர் கேட்ட குடியரசு எப்போதாவது வந்ததா?

1946 ஜூன் 2 அன்று. முசோலினியோடு ஒத்துப்போன சவாய் வம்சம் வேண்டுமா என்று மக்களிடமே கேட்டார்கள். நாடு தழுவிய வாக்கெடுப்பில் பெண்களும் வாக்களித்தது அதுவே முதல்முறை. குடியரசுக்கு சுமார் 1.27 கோடி வாக்கு, அரசருக்கு 1.07 கோடி. வேடிக்கை என்னவென்றால், சவாய் அரசரின் படை ஒருகாலத்தில் ஊர்களைக் கொளுத்திய தெற்குதான் அரசரைக் காப்பாற்ற வாக்களித்தது. நேப்பிள்ஸில் பெரும்பான்மை அவருக்கே. சவாய் வம்சத்தின் சொந்த ஊரான பீட்மாண்ட் குடியரசைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் குடும்பத்தின் ஆண் வாரிசுகள் இத்தாலிக்குள் காலடி வைக்க இருந்த தடை 2002-ல்தான் நீங்கியது.